பறவையைக் கண்டால் கத்துகிறவன்

இந்த ஊரில் பறவையைக் கண்டதும் மனிதர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். மெல்போர்னின் மேற்குப் புறநகரில், எங்கள் வீட்டிலிருந்து காரில் எட்டிவிடும் தூரத்தில், ஈரநிலப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. வாரம் முழுக்க அலுவலகத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே வந்து நுனிக்காலில் நடப்பார்கள். நாணலுக்குள்ளிருந்து ஒரு நாமக்கோழி தலையை நீட்டினால் போதும். நெற்றியில் நாமம் போட்ட அந்தக் கறுப்புக்கோழி நம்மூர்க் கண்மாய்களில் கேட்பாரற்றுக் கிடப்பதுதான். இங்கே அதற்கு முன்னால் பத்துப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் தும்மினால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிற பார்வையில் கொலைவெறி இருக்கும். கருவறைக்கு முன்னால் நின்றுகொண்டே செல்போனில் பேசுகிற நம் ஆட்களும் இங்கே வந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள், அதுதான் எனக்கு முதலில் எரிச்சலைக் கிளப்பியது. நான் மகாராஜபுரத்துக்காரன். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மலையடிவாரம். எங்கள் பக்கத்தில் பறவையைக் கண்டால் கத்துவோம்.

ஊரில் இருப்பவர்கள் பூங்கா என்ற பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டுமனை போட்டு விற்றவர்கள் தோண்டிய பள்ளம் அது. தெருவில் வழிகிற மழைத்தண்ணீரெல்லாம் குழாய் வழியாக அங்கே வந்து விழும். நம்மூரில் அப்படி ஒரு பள்ளம் இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போவோம், பக்கத்து மனைக்கு விலை இறங்கும். இங்கே அதைச் சுற்றி நாணலை நட்டு, மரப்பலகையில் நடைபாதை போட்டு, நடுவில் ஒரு மண்திட்டை விட்டு, கரையில் 'ஹைட்' என்று ஒரு மரக்கூண்டையும் கட்டி வைத்திருப்பதால் விலை ஏறிவிட்டது. ஹைட் என்பது பறவைக்குத் தெரியாமல் மனிதன் ஒளிந்துகொள்கிற இடம். உள்ளே பெஞ்சு, சுவரில் வரிசையாகச் சின்னச் சின்னச் சன்னல்கள். ரேஷன் கடைச் சன்னலில் முகத்தை நுழைப்பதுபோல எல்லோரும் அதில் முகத்தைப் பொருத்திக்கொள்வார்கள். அந்தத் தண்ணீரில் மீன் பிடிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, நாய்கூட இறங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தத் தண்ணீர் ஒரு வயலுக்கும் பாயாது. திறந்துவிட ஒரு மடைகூட இல்லாத கண்மாயை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

என்னை அங்கே கூட்டிப்போனவர் ஜெகன். ராஜபாளையத்துக்காரர், என்னைவிட இளையவர், மென்பொருள் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர். நான் ராஜபாளையத்தில் நூல் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்து, துபாய் போய், அங்கிருந்து இங்கே வந்து லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். ஊரிலேயே இருந்திருந்தால் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. இங்கே இந்தியக் கடையில் பால்கோவா பாக்கெட்டைக் கையில் எடுத்த இரண்டு பேர் 'நீங்க எந்தப் பக்கம்?' என்று கேட்டுக்கொண்டாலே சொந்தக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் வீட்டில் உட்கார்ந்து எல்லோரையும் குறை சொல்லிக்கொண்டிருப்பதைத் தாங்க முடியாமல் என் மனைவிதான் ஜெகனோடு என்னை அனுப்பிவைத்தாள். ஜெகனுக்குப் பறவைக் கிறுக்கு பிடித்தது இங்கே வந்த பிறகுதான். ராஜபாளையத்தில் இருந்த வரைக்கும் அவர் உற்றுப் பார்த்த பறவை எல்லாம் தட்டில் இருந்தவைதான் என்று அவர் வீட்டம்மாவே சொல்வார். இப்போது பைனாகுலர், முக்காலி, ஒரு குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்க வேண்டிய கேமரா. புதிதாக ஒரு பறவையைப் பார்த்துவிட்டால் 'லைஃபர்' என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவார். உடனே எல்லா நாட்டிலிருந்தும் கைதட்டல் பொம்மைகள் வந்து விழும்.

ஜெகன் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால் இதைச் சொன்னால் போதும். ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்பும்போது, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் அன்றாடம் புதிதாகச் செய்து வைக்கிற இலைக்கிளி ஒன்றை, யாரையோ பிடித்து வாங்கி, அட்டைப்பெட்டியில் பத்திரமாகக் கொண்டு வந்திருக்கிறார். விமான நிலையத்தில் பெட்டிக்குள் என்ன என்று கேட்ட பெண் அதிகாரியிடம் பெருமையாக, "பேரட்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் இரண்டடி பின்னால் போய் இன்னொரு ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். திறந்தால் வாடிய இலை. உயிருள்ள கிளியைக் கொண்டு வருவதும் தப்பு, இலையைக் கொண்டு வருவதும் தப்பு. இது சாமி கையில் இருந்தது என்று இவர் ஆங்கிலத்தில் விளக்க, சாமிக்கு அந்தக் கிளியை வைத்திருக்க அனுமதி உண்டா என்கிற தோரணையில் அவர்கள் கேட்டிருக்கிறார்கள். கிளி குப்பைத்தொட்டிக்குப் போனது. ஜெகன் இதைக் கண் கலங்கச் சொன்னார். நான் சிரிப்பை அடக்க இருமிக்கொண்டே இருந்தேன்.

என்னுடைய முதல் நாளும் அப்படி ஒன்றும் கௌரவமாக நடக்கவில்லை. ஹைட்டுக்குள் ஏழெட்டுப் பேர் சன்னலுக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தோம். மேலே அரிவாள்மூக்கன் கூட்டம் ஒன்று வட்டமடித்தது. வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை, அரிவாள்போல வளைந்த மூக்கு. காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கரையோரப் புல்லில் மொத்தமாக இறங்கியது. அந்த இறக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். ஊரில் நாற்றங்காலில் ஒரு கூட்டம் இறங்கி எழுந்தால் மிதிபட்டே பாதி நாற்று போய்விடும். கதிர் பால் பிடித்தால் கிளியும் குருவியும் வரும். அக்கா ஒரு வரப்பில், நான் எதிர் வரப்பில், ஆளுக்கொரு தகரத்தோடு உட்கார்ந்திருப்போம். அக்கா கத்தினால் கூட்டம் எழும்பி என் பக்கம் வரும். அதனால் அவள் குரல் கேட்ட மறுகணம் நான் எழுந்து நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்குச் சாப்பாட்டோடு அடியும் கிடைக்கும். கண் பார்க்கும், தொண்டை கத்தும், நடுவில் மூளைக்கு வேலை கிடையாது. ஹைட்டுக்குள்ளும் அதுதான் நடந்தது. "ஏஏய்ய்... ஹோவ்!" என்று கத்திக் கையையும் பலமாகத் தட்டிவிட்டேன். மரக்கூண்டில் அந்தச் சத்தம் வெடிபோலக் கேட்டது. பூங்காவில் இருந்த பறவை அத்தனையும் எழும்பிவிட்டது.

ஜெகன் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்துச் சன்னலில் இருந்த மார்கரெட் என்ற வெள்ளைக்காரக் கிழவி, அங்கே வாரம் தவறாமல் வருகிறவர், எனக்கு ஏதோ வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, பறவையை விரட்டினேன் என்றேன். "விரட்டினீர்களா? எதிலிருந்து?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். புல், நாணல், அதற்குப் பின்னால் ஒரே மாதிரி வீடுகள். விரட்டிக் காப்பாற்ற அங்கே ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. பறவையிடம் பறிகொடுக்க ஒரு நெல்மணிகூட இல்லாதவர்களால்தான் பறவையை இப்படிக் காதலிக்க முடியும் என்று மனைவியிடம் சொன்னேன். அதற்குத்தான் உங்களை வெளியே அனுப்பினேன், அங்கேயும் போய்க் கத்திவிட்டு வந்தீர்களா என்றாள்.

ஆனாலும் அடுத்த வாரமும் போனேன். வேறு போக்கிடம் இல்லை. அங்கே பேசுவதையெல்லாம் கேட்டு உள்ளுக்குள் திட்டிக்கொண்டிருப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. ஒருநாள் ஒருவர் மைனாவைக் காட்டி, இது இந்தியாவிலிருந்து வந்து இங்கே நாசம் பண்ணுகிற பறவை என்று சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்ததும் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். இதைப் புலம்பெயர்ந்து எழுதுகிறவர்கள் கேட்டிருந்தால் அன்றைக்கே கண்ணீரோடு உட்கார்ந்து நாலு பக்கம் எழுதியிருப்பார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மைனாவை எனக்கும் பிடிக்காது. பப்பாளியைக் கொத்தி வீணாக்குகிற சனியன். மார்கரெட்டோ, கேட்டாலும் கேட்காவிட்டாலும் பேசிக்கொண்டே இருப்பவர். மண்திட்டில் அரிவாள்மூக்கன்கள் கூடு வைத்த மாதங்களில் அவர் பேச்சு முழுக்க அதுதான். ஜோடியாகக் குச்சி சுமந்துகொண்டிருந்தால் இன்னும் முட்டை இல்லை, அப்போது தொந்தரவு செய்தால் வேறு இடம் பார்த்துப் போய்விடும். எந்நேரமும் ஒன்று மாற்றி ஒன்று உட்கார்ந்தே இருந்தால் முட்டை போட்டாகிவிட்டது, பிறகு அதை அசைக்கக் கூடாது. இதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னதில் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

டிசம்பர் விடுமுறையில் ஜெகன் குடும்பத்தோடு ஊருக்குப் போனார். அந்த முறை நல்ல மழை. எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்து, உள்ளே நிற்கிற கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் வந்து கூடு கட்ட இடம் பிடிக்கத் தொடங்கியிருந்தன. ராஜபாளையத்திலிருந்து காரில் வந்து கரையில் இறங்கியவர், வீடியோவில் கிசுகிசுத்தார். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் பின்னால் தொண்டை கிழியக் கூப்பாடு போட்டுக்கொண்டு போவதும் அதில் பதிவாகியிருந்தது. காலடியில் கிடந்த காலிப் புட்டிகளும் பிளாஸ்டிக் தம்ளர்களும் மட்டும் எந்தப் படத்திலும் விழாதபடி எடுத்திருந்தார். அவற்றை அங்கே வீசிவிட்டுப் போனவர்கள்தான் அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்து 'எங்க ஊருடா' என்று பெருமைப்பட்டார்கள். திரும்பி வந்ததும் ஜெகன் ஒரு மனு தயாரித்தார். குஞ்சுகள் பறக்கும் வரை கண்மாயில் தண்ணீர் குறையக் கூடாது, அதுவரை மடையைத் திறக்கக் கூடாது. டொராண்டோ, நியூஜெர்சி, சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருந்து கையெழுத்து வந்தது. மடை என்பது கண்மாயின் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டால் அதில் பாதிப் பேர் முழிப்பார்கள். மனு ஊரில் இருக்கிற அதிகாரிகளுக்குப் போனது. சும்மா இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தால் அவர்கள் விடுவார்களா? மடை மூடியே கிடந்தது.

பொங்கல் முடிந்த கையோடு அக்கா போன் செய்தாள்.

"ஏலே முத்து, மடையைத் தொறக்க மாட்டேங்காகலே. கேட்டா, வெளிநாட்டுல இருந்து பெரிய பெரிய ஆளுகள்லாம் எழுதிப் போட்டிருக்காகளாம். நாரைக்குத் தண்ணி வேணுமாம். எனக்கு வேண்டாமா?"

"பயிர் எப்படிக்கா இருக்கு?"

"பால் பிடிக்கிற நேரம்லே. இப்ப ஒரு தண்ணி காட்டலைன்னா அம்புட்டும் பதராப் போயிரும். எவன்லே அவன், உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். ராஜபாளையத்துக்காரர் என்றேன். அக்கா ஒரு வசவு சொன்னாள், அதை இங்கே எழுத முடியாது.

அக்காவின் நிலைமையைச் சொல்ல வேண்டும். மச்சான் இறந்த பிறகு அவள் தனியாக நின்று போட்ட முதல் பயிர் அது. மகன் ராஜபாளையத்தில் வீடு கட்டி மாடியில் அவளுக்கென்று ஓர் அறையும் ஒதுக்கிவிட்டான். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வந்து பேரப்பிள்ளைகளோடு இரு என்று ஓயாமல் நச்சரிப்பான். இந்த ஒரு போகம் எடுத்துக் காட்டுகிறேன், தப்பினால் நீ சொன்னபடி வந்துவிடுகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் வயலில் இறங்கியிருந்தாள். அக்காவைத் தெரிந்தவர்களுக்கு அந்த மாடியறை என்ன செய்யும் என்று தெரியும். டிவிக்கு முன்னால் உட்கார வைத்தால் ஒரு மாதத்தில் ஆள் பாதியாகிவிடுவாள்.

அந்த வாரமே ஜெகன் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க வீடியோல ஒரு ரெண்டு வார்த்தை பேசணும். அந்தக் கண்மாய்ப் பாசனத்துல நிலம் இருக்கிற குடும்பம்னு நம்ம குழுவுல நீங்க ஒருத்தர்தான்."

"என் அக்கா பயிர் காயுது, ஜெகன்."

"அவங்களுக்கு நிவாரணம் குடுக்கணும்னு மனுவுல ஒரு வரி சேர்த்துருவோம்ணே. நாரை ஒருதடவை போச்சுன்னா திரும்ப வராதுண்ணே."

"அக்காவும் ஒருதடவை வயலை விட்டு ஏறுனா திரும்ப இறங்க மாட்டா."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அழிந்துவருகிறவை என்று நாரையைச் சேர்த்து வைத்திருக்கிற பட்டியலில் அக்காவுக்கு இடமில்லை. உலகத்தில் எத்தனை அக்காமார் இருக்கிறார்கள்! நல்லவர்தான், எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் கொண்டு வந்து கொடுக்கிறவர். அப்படிப்பட்டவர் ஒரு மனுஷி வயிற்றில் அடிக்கிறோம் என்பதே தெரியாமல் இவ்வளவு மென்மையாகப் பேசியதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. வீடியோவில் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை.

அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த முறை அவள் கூப்பிட்டபோது குரலில் அழுகை இல்லை.

"ஏலே, நீ வாராவாரம் இந்தப் பறவை பாக்கப் போறேல்ல. அதுக முட்டை போட்டிருச்சா, இல்லையான்னு எப்படிலே கண்டுபிடிக்க?"

"நீ பாக்கும்போது என்ன செய்யுதுக?"

"குச்சி குச்சியாத் தூக்கிட்டு வருதுக. ஒண்ணுட்ட இருந்து ஒண்ணு களவாங்குதுக. ஒண்ணாவது ஒரு எடத்துல உக்காரணுமே, அதைக் காணோம்."

"அப்ப இன்னும் முட்டை இல்லக்கா," என்றேன்.

"கூடு கட்டுனாத்தானலே மடையை மூடணும்? கட்ட விடாம ஓட்டிட்டா?"

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. மார்கரெட்டின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. "எந்த மரத்துலயாவது ஒண்ணு எந்நேரமும் உக்காந்தே இருந்தா, அந்த மரத்தை விட்டுருக்கா," என்றேன்.

"முட்டை மேல உக்காந்திருக்கிறதைப் போய் விரட்டுவேனா? நானும் பெத்தவதானலே."

மறுநாள் விடிந்ததிலிருந்து அக்காவும் அந்தப் பாசனத்துப் பெண்களும் கரையில் நின்று தகரமும் தாம்பாளமும் தட்டினார்கள். ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து அதை வீடியோவாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள், எங்கள் ஊர் வீரம் அந்த அளவுதான். இரண்டு மூன்று நாள் நாரைகள் எழும்பி எழும்பிச் சுற்றி வந்து பார்த்தன. பிறகு ஒட்டுமொத்தமாக ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பறந்துவிட்டன. கூடு இல்லை என்று ஆனதும் அதிகாரிகளுக்குச் சொல்லக் காரணம் இல்லை. மடை திறந்தது. தண்ணீர் அக்கா வயலுக்குப் பாய்ந்தது. வாட்ஸ்அப் குழுவில் அழுகிற பொம்மைகள் வரிசையாக வந்தன. 'காட்டுமிராண்டிகள்' என்று டொராண்டோவிலிருந்து ஒருவர் எழுதினார். அவருடைய தாத்தா கூமாப்பட்டியில் ஏர் பிடித்தவர், அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். முட்டை போடுவதற்கு முன்னால் விரட்ட வேண்டும் என்று அந்தப் பெண்களுக்கு எப்படித் தெரிந்தது என்று குழுவில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை பேரையும் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்த நான், அந்தக் குழுவிலிருந்து வெளியேறவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஹைட்டில் ஜெகன் துக்கவீட்டுக்காரர்போல உட்கார்ந்திருந்தார். மார்கரெட்டுக்கு நடந்ததைச் சொன்னார். "அவை எங்கே போயின?" என்று மார்கரெட் கேட்டார். தெரியவில்லை என்றார் ஜெகன். மார்கரெட் என் பக்கம் திரும்பி, உங்கள் ஊர் ஆயிற்றே, உங்களுக்கு மனம் உடைந்திருக்கும் என்றார். "ரைஸ் பிழைத்துவிட்டது," என்றேன். நான் பேச்சை மாற்ற நினைக்கிறேன் என்று எண்ணி, அவர் தனக்கும் ரைஸ் பிடிக்கும் என்று மரியாதைக்குச் சொன்னார்.

கிளம்புகிற நேரத்தில் போன் அதிர்ந்தது. ஊரில் அப்போதுதான் விடிந்திருந்தது. வீடியோவில் அக்கா. வரப்பில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏலே, பாத்தியா எம்புட்டுக் கதிருன்னு! அடுத்த போகத்துக்கும் நாந்தான் நடப்போறேன்னு மகன்ட்ட சொல்லிட்டேன்."

"அக்கா, செத்த மெதுவாப் பேசு," என்று கிசுகிசுத்தேன்.

"ஏன்லே, தொண்டை கட்டிருச்சா?"

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. அதற்குப் பின்னால் கண்மாய், பாதித் தண்ணீர், கருவேல மரங்கள். மரத்தில் அரைகுறையாகக் குச்சிகள் செருகிக் கிடந்தன, ஒரு பறவைகூட இல்லை. அக்கா கதிரைக் காட்ட, என் விரல் தானாகப் போய் மரத்தைப் பெரிதாக்கப் பார்த்தது. அக்கா ஜெயித்த சந்தோஷத்துக்கு நடுவில் அந்த வெறும் மரத்துக்காக வருத்தப்படுகிறேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. இவர்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து இந்த நோய் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளிடம் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் வயலின் மேல் ஒரு கிளிக்கூட்டம் கீச்சிட்டுக்கொண்டு இறங்கியது. போனைக் கையில் பிடித்தபடியே அக்கா கத்தினாள்.

"ஏஏய்ய்... ஹோவ்!"

மரக்கூண்டு அதிர்ந்தது. சன்னல்களில் இருந்த முகங்கள் எல்லாம் திரும்பின. ஜெகன் தலையில் கையை வைத்துக்கொண்டார். வெளியே தண்ணீரில் ஒரு பறவையும் அசையவில்லை. அக்காவின் சத்தத்துக்கு எழுந்து நின்றது அங்கே நான் ஒருவன்தான், தட்டுவதற்கு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல்.